புறநோயாளிப் பிரிவின் மருத்துவம்: பொதுவான நோய்கள், எளிய மருந்துகள், கிடைக்காத நேரம்

கெர் வொயிட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1961-இல் வெளியிட்ட கட்டுரையொன்று, வயதுவந்தோர் ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் அவர்களுள் ஏறத்தாழ 750 பேருக்கு ஏதேனும் ஓர் உடல்நலக் குறைவு ஏற்படுகிறது என்றும், 250 பேர் மருத்துவரை நாடுகிறார்கள் என்றும், 9 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள் என்றும், பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்படுபவர் ஒரே ஒருவர் என்றும் கணக்கிட்டது. அமெரிக்க, பிரிட்டன் தரவுகளைக் கொண்டு செய்யப்பட்ட அந்தக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறக்கூடியது என்றாலும், அது சுட்டிய முரண் எங்கும் நிலைத்திருக்கிறது: மருத்துவ மாணவர்கள் பயில்வது அந்த ஒருவரின் படுக்கையருகே, பட்டம் பெற்றபின் அவர்களுள் பலர் எதிர்கொள்வதோ அந்த 250 பேரை. முதல்நிலை மருத்துவம் என்பது இந்த 250 பேருக்கான மருத்துவம். நோயாளி முதன்முதலில் வந்து சேரும் இடத்தில், உறுப்பு வாரியாகவோ வயது வாரியாகவோ பிரிக்காமல், தொடர்ச்சியாக அளிக்கப்படும் மருத்துவத்தையே அச்சொல் குறிக்கிறது.

இந்தியாவில் அதற்கான நிறுவன வடிவம், 1946-இல் அறிக்கை அளித்த போர் (Bhore) குழுவின் பரிந்துரையிலிருந்து பிறந்து, 1952-இல் தொடங்கிய சமூக வளர்ச்சித் திட்டத்தின் வழியாக ஆரம்ப சுகாதார நிலையம் என்ற பெயரில் ஊர்களுக்கு வந்தது. சமவெளிப் பகுதியில் 30,000 பேருக்கும் மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஒரு நிலையம் என்பது அதன் அளவுகோல். தமிழ்நாட்டில் 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டமும், அதை நடைமுறைப்படுத்தும் தனி இயக்குநரகமும், 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மருந்துக் கொள்முதல் முறையும் இந்த நிலையங்களுக்கு வலுவான அடித்தளம் தந்துள்ளன. ஆகவே, மருந்து அலமாரி வெறுமையாக இருப்பது இங்கே முதன்மையான சிக்கலன்று. பொதுவான நோய்களுக்கான சிகிச்சைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும்போது புலப்படுவது வேறு: மருந்துகள் பெரும்பாலும் மலிவானவை, பழையவை, நன்கு ஆராயப்பட்டவை; அரிதாக இருப்பதோ, அவற்றைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கவும், கொடுத்ததை விடாமல் தொடரச் செய்யவும் தேவைப்படும் நேரம்.

அந்த நேரத்தின் அளவைப் பற்றி ஐயத்துக்கு இடமில்லை. 67 நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான மதிப்பாய்வு, ஒரு நோயாளியுடன் முதல்நிலை மருத்துவர் செலவிடும் சராசரி நேரம் வங்கதேசத்தில் 48 விநாடி, சுவீடனில் இருபத்திரண்டரை நிமிடம் என்றும், உலக மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஐந்து நிமிடமோ அதற்குக் குறைவாகவோ கிடைக்கும் நாடுகளில் வாழ்கிறார்கள் என்றும் காட்டியது. இந்தியாவின் சராசரி அதில் இரண்டு நிமிடத்தை ஒட்டியே இருந்தது.

அந்த இரண்டு நிமிடத்துக்குள் நுழையும் நோய்கள் எவை? 2018-இல் வெளியான மற்றொரு மதிப்பாய்வு, மருத்துவர்கள் தம் பதிவேடுகளில் எழுதிய நோய்களையும், நோயாளிகள் தாம் வந்ததற்குக் கூறிய காரணங்களையும் தனித்தனியே தொகுத்தது. மருத்துவர்களின் பட்டியலில் சளித்தொற்று, உயர் இரத்த அழுத்தம், மூட்டுவாதம், சர்க்கரை நோய், மனச்சோர்வு ஆகியவை முன்னிற்க, நோயாளிகளின் பட்டியலில் இருமல், முதுகுவலி, வயிற்றுத் தொல்லை, தொண்டை வலி, காய்ச்சல், தலைவலி, அசதி ஆகியவை முன்னின்றன. முதல் பட்டியலின் பெரும் நோய்களான இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இரண்டாவது பட்டியலின் முன்வரிசையில் இல்லை என்பது கவனத்துக்குரியது. அவை தாமாகக் குரல் கொடுக்காதவை, யாரேனும் தேடினால் மட்டுமே கிடைப்பவை. இந்த வேறுபாட்டைப் பின்பற்றி, தாமாகவே தணியும் நோய்கள், வாழ்நாள் முழுதும் உடனிருக்கும் நோய்கள் என இரண்டாகப் பிரித்து நோக்குவது பொருத்தமாக இருக்கும். முன்னதில் மருத்துவரின் திறன் பொறுத்திருப்பதிலும், பின்னதில் விடாமல் பின்தொடர்வதிலும் வெளிப்படுகிறது.

சளி, இருமல், தொண்டை வலி ஆகியவற்றில் பெரும்பாலானவை வைரஸ்களால் வருபவை. நுண்ணுயிர்க்கொல்லிகள், அதாவது ஆன்டிபயாடிக் மருந்துகள், பாக்டீரியாவை மட்டுமே தாக்குவதால் இவற்றில் பயன் தருவதில்லை. சாதாரண இருமல் முழுதாக அடங்க இரண்டு, மூன்று வாரங்கள் ஆகலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் நான்காம் நாள் வேறொரு மருத்துவரைத் தேடி ஓட வேண்டிய தேவை எழாது. இந்தக் கூட்டத்தின் நடுவே ஒளிந்திருக்கும் நிமோனியாவைப் பிரித்தறிவதே உண்மையான பணி. குழந்தைகளில் அதற்கான வழியை உலகச் சுகாதார நிறுவனம் மிக எளிமையாக வகுத்துள்ளது: நிமிடத்துக்கு, இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஓராண்டு வரை 50, ஐந்தாண்டு வரை 40 என்ற அளவை எட்டும் மூச்சு வேகமூச்சாகக் கொள்ளப்படும், மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்வாங்குவது மற்றோர் அடையாளம். இவை இருந்தால் அமாக்சிசிலின் தேவை. பால் குடிக்க இயலாமை, வலிப்பு, மயக்கம் போன்ற ஆபத்துக் குறிகள் சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஸ்டெதஸ்கோப்புகூட வேண்டாத இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு நிமிடச் சந்திப்பில் பாதியை அந்த எண்ணிக்கைக்கு ஒதுக்குவதைவிட ஒரு சிரப்பு எழுதிக் கொடுப்பது விரைவானது என்பதால், தேவையற்ற ஆன்டிபயாடிக்கும் தவறவிடப்பட்ட நிமோனியாவும் ஒரே வரிசையில் சேர்ந்து நிற்கின்றன. வலிமை மிக்க சில ஆன்டிபயாடிக்குகளை மருந்துச் சீட்டின்றி விற்பதைத் தடுக்க 2013-இல் அட்டவணை எச்1 கொண்டுவரப்பட்டது. விற்பனையைச் சட்டம் கட்டுப்படுத்தலாம், எழுதும் கையின் அவசரத்தைக் கட்டுப்படுத்த முடியாது.

காய்ச்சலிலும் காலமே வழிகாட்டி, ஆனால் அது வேறு விதமாக வழிகாட்டுகிறது. டெங்குவில் ஆபத்து காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதன்று. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் கட்டத்தில், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் வீழ்வதே உயிருக்கு உலை வைக்கிறது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று குடும்பம் நிம்மதி அடையும் அதே வேளையில் கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ கசிவு, துவண்டு போதல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். டெங்குவுக்கெனத் தனி மருந்து இல்லை. நீராகாரம், பாராசிட்டமால், தேவைப்பட்டால் அளந்து செலுத்தப்படும் திரவம் ஆகியவையே சிகிச்சை. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்றவை இரத்தக்கசிவை மிகுவிக்கும் என்பதால் விலக்கத்தக்கவை. இதற்கு நேர்மாறாக, உண்ணி வகையைச் சேர்ந்த நுண்பூச்சியின் இளம்புழு கடிப்பதால் பரவும் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மருந்து இரண்டு நாளில் பலன் காட்டும்; பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் அதில் எவ்வளவு கொடுத்தாலும் பயனில்லை. கடித்த இடத்தில் தோன்றும் வலியற்ற கருநிறப் பொருக்கு பெரும்பாலும் அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ மார்பின் கீழோ மறைந்திருக்கும். திரைக்குப் பின் அழைத்துச் சென்று, ஆடையை விலக்கிப் பார்க்க இடமும் நேரமும் இல்லாத புறநோயாளிப் பிரிவில் அந்தப் பொருக்கு கண்ணில் படுவதில்லை.

வயிற்றுப்போக்கின் வரலாறு சற்று விரிவாகக் கூறத் தகுந்தது, ஏனெனில் முதல்நிலை மருத்துவத்தின் ஆகப் பெரிய வெற்றி அதில்தான் அடங்கியிருக்கிறது. சிறுகுடலில் சோடியமும் குளுக்கோசும் சேர்ந்தே உறிஞ்சப்படுகின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் 1960-இல் முன்வைத்தார். காலராவில் குடல் எவ்வளவு நீரை வெளியேற்றினாலும் இந்த வழி அடைபடுவதில்லை என்பதை டாக்கா, கல்கத்தா ஆய்வுகள் அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் நிறுவின. 1971-இல் வங்கதேசப் போரின்போது பன்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பு வழிச் செலுத்தும் திரவம் தீர்ந்துகொண்டிருந்த நிலையில், திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை உறவினர்களின் கையாலேயே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். அதுவரை முப்பது சதவீதம் வரை இருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்றைய பொட்டலம், 2002-இல் உலகச் சுகாதார நிறுவனம் திருத்தியமைத்த, உப்பும் குளுக்கோசும் சற்றுக் குறைக்கப்பட்ட கலவை. ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் சோடியம் குளோரைடும் 13.5 கிராம் குளுக்கோசும் அதில் உள்ளன. குழந்தைகளுக்கு இத்துடன் பதினான்கு நாள் துத்தநாக மாத்திரையும் சேர்க்கப்படுகிறது. சீதமோ இரத்தமோ கலந்து போகாதவரை ஆன்டிபயாடிக்குக்கு இங்கே வேலை இல்லை. பொட்டலம் வயிற்றுப்போக்கை நிறுத்துவதில்லை, இழந்த நீரை ஈடு செய்கிறது என்பதை விளக்காமல் கொடுத்தால், மலம் நிற்கவில்லை என்று தாய் அதைக் கைவிட்டுவிடுவாள். கரண்டி கரண்டியாக, வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் நிறுத்தி மறுபடியும் கொடுக்கச் சொல்லித் தருவதும் அந்தச் சிகிச்சையின் பகுதியே.

இங்கே ஊசியைப் பற்றியும் ‘குளுக்கோஸ் ஏற்றுவதை’ப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். அசதிக்கென்று ஏற்றப்படும் அரை லிட்டர் ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் புட்டியில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. இரண்டு டம்ளர் இனிப்பான காபியில் வயிற்றுக்குள் போகும் அளவுதான் அது. காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் போடப்படும் ஊசிகளில் பல, மாத்திரையாகவே அதே பலனைத் தரக்கூடியவை. இருந்தும் மக்கள் ஊசியைக் கேட்கிறார்கள் என்றால் அதை அறியாமை என்று தள்ளுவது நியாயமாகாது. நாள்கூலியை இழந்து, பேருந்தேறி வந்து, வரிசையில் நின்றவருக்கு, தம்மைத் தொட்டுக் கவனித்தார்கள் என்பதற்கான ஒரே சான்றாக அந்த ஊசி அமைந்துவிடுகிறது. நாடியைப் பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லி, வயிற்றை அழுத்திப் பார்க்க ஐந்து நிமிடம் கிடைக்கும் இடத்தில் அந்த வேட்கை தணிவதைப் பல மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

தோல் நோய்களில் அவசரத்தின் விலை இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. படர்தாமரை என்பது பூஞ்சைத் தொற்று. அதற்குப் பூஞ்சைக்கொல்லிக் களிம்பை, தடிப்பு மறைந்த பின்னும் சில வாரங்கள் தடவ வேண்டும். மருந்துக் கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும் கலவைக் களிம்புகளிலோ வீரியமான ஸ்டீராய்டு கலந்திருப்பதால், அரிப்பு இரண்டே நாளில் அடங்கி, பூஞ்சை உள்ளூர வளர்ந்து, வளைய வடிவத்தையே இழந்து உடலெங்கும் பரவுகிறது. டெர்பினாஃபின் என்ற முதன்மை மருந்துக்கே அடங்காத, 2020-இல் டிரைக்கோஃபைட்டான் இந்தோடினியே என்று பெயரிடப்பட்ட பூஞ்சை இந்தியாவிலிருந்து பல நாடுகளுக்குப் பரவியிருப்பதற்கு இந்தக் களிம்புகளின் கட்டற்ற பயன்பாடும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. சிரங்கில் தவறு வேறு வகைப்பட்டது: பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்துக்குக் கீழே உடல் முழுதும் இரவில் பூசி, ஒரு வாரம் கழித்து மறுபடி பூசினால் தீர்ந்துவிடும் நோய், அரிப்பே இல்லாத வீட்டாரும் அதே இரவில் பூசிக்கொள்ளாததால் மாதக்கணக்கில் சுற்றி வருகிறது.

இனி, உடனிருக்கும் நோய்கள். ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் வேல்ஸ் நாட்டின் சுரங்கத் தொழிலாளர் ஊரான கிளின்காரக்கில் பணியாற்றியபோது, தம்மிடம் பதிவு செய்திருந்த வயதுவந்தோர் அனைவரின் இரத்த அழுத்தத்தையும், அவர்கள் எந்தத் தொல்லைக்காக வந்தாலும், அளந்து குறித்து வைத்தார். நல்ல மருத்துவம் மிகவும் தேவைப்படும் மக்களுக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் அவர் எழுதியது அந்த அனுபவத்தின் விளைவு. இரத்த அழுத்தத்தில் உள்ள மருத்துவ நுட்பம் மிகச் சிறியது: அமர்ந்து ஐந்து நிமிடம் ஓய்வெடுத்தபின் அளந்து, வேறொரு நாளும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், அம்லோடிபின், டெல்மிசார்டன், குளோர்தாலிடோன் போன்ற சில மருந்துகளை முறையாக ஏற்றிச் செல்வது, உப்பை நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் குறைப்பது. 2017-இல் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முனைப்பு, மருந்தையும் அளவையும் படிநிலைகளையும் ஒரே நெறிமுறையாக்கி, மருத்துவர் மாறினாலும் சிகிச்சை மாறாதபடி செய்தது. கடினமான பகுதி அதற்குப் பின் வருகிறது. எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவர், எந்த மாற்றத்தையும் உணராமல், நாள்தோறும் மாத்திரை விழுங்க வேண்டும். தலைசுற்றல் வந்தால் போட்டுக்கொள்வது, அளவு சரியானதும் நிறுத்திவிடுவது என்ற பழக்கத்தின் விளைவு பல ஆண்டுகள் கழித்துப் பக்கவாதமாகவோ சிறுநீரகச் செயலிழப்பாகவோ வெளிப்படுகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இந்தத் தொடர்ச்சியைத்தான் குறிவைத்தது. மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து, ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்களுக்கு மாத்திரைகளை வீட்டிலேயே தருகிறார்கள். கூலி வேலையை விட்டு மாதந்தோறும் வரிசையில் நிற்க இயலாதவருக்கு இது பெரிய உதவி. மாத்திரை வீடு தேடி வருவதாலேயே மருத்துவரைப் பார்ப்பது நின்றுவிடக் கூடாது என்பதும், அளவு கட்டுக்குள் வராதவரின் மருந்தை யார், எப்போது உயர்த்துவது என்பதும் இத்திட்டத்தில் தொடர்ந்து கண்காணிக்கப்பட வேண்டியவை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு 2023-இல் சர்க்கரை நோயாளிகளை ஏறத்தாழ 10.1 கோடி என்றும், அதன் வாசலில் நிற்பவர்களை 13.6 கோடி என்றும் மதிப்பிட்டது. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராமுக்கும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.5 சதவீதத்துக்கும் குறையாமல் இருப்பது நோயின் எல்லை. 1950-களிலிருந்து புழக்கத்தில் உள்ள மெட்ஃபார்மின் இன்றும் பெரும்பாலோருக்கு முதல் மருந்தாகத் தொடர்கிறது. சர்க்கரை அளவைக் குறைப்பதுடன் பணி முடிந்துவிட்டதாகக் கருதும் போக்கு கவலைக்குரியது. ஆண்டுக்கொருமுறை விழித்திரையைப் பார்ப்பது, சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று சோதிப்பது, செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பது ஆகியவை விடுபடும்போது, சீட்டில் எண்கள் நன்றாக இருக்கையிலேயே காலின் புண் ஆறாமல் போகிறது.

தொடர்ச்சியின் வலிமையை உலகுக்கு முதலில் காட்டிய ஆய்வுகளுள் ஒன்று சென்னையில் நடந்தது. காசநோய்க்குச் சத்தான உணவும் காற்றோட்டமும் ஓய்வும் தரும் சானடோரியமே உரிய இடம் என்ற நம்பிக்கை உறுதியாக இருந்த காலத்தில், 1956-இல் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நெரிசலான வீடுகளில் வறுமையோடு வாழ்ந்துகொண்டே மருந்து உண்டவர்களும் சானடோரியத்தில் தங்கி உண்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்ததை 1959-இல் வெளியிட்டது. வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடுதலாகவும் பரவவில்லை. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை படுக்கையிலிருந்து புறநோயாளிப் பிரிவுக்கு மாறியதற்கு இது பெருங்காரணம். இன்று ஆறு மாதச் சிகிச்சையில் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும் பின்னர் மூன்றும் தரப்படுகின்றன. இரண்டு வாரத்தைத் தாண்டிய எந்த இருமலுக்கும் சளிப் பரிசோதனை என்ற ஒரு வரி விதி, இருமலுக்குப் பொறுத்திருக்கலாம் என்று மேலே கூறியதன் மறுபக்கம். இரண்டாம் மாதமே உடல் தேறிவிடுவதால் மருந்தை நிறுத்திவிடுவோரைத் தக்கவைப்பதும், ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாவதை முன்கூட்டியே சொல்லி அச்சத்தைப் போக்குவதும் செவிலியரின் சொல்வன்மையைச் சார்ந்தவை.

இரத்தசோகையும் இதே இனம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நாடு முழுதும் 57 சதவீதத்தினரிடமும் தமிழ்நாட்டில் 53 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டோரிடமும் அது காணப்பட்டது. இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுத்து, வயிறு புரட்டுவதால் பலர் அதை அலமாரியிலேயே விட்டுவிடுகிறார்கள். மாதவிடாய் மிகுதியாகப் போகிறதா என்று கேட்காமல் மாத்திரையை மட்டும் நீட்டிக்கொண்டே போவது கசியும் இடத்தை அடைக்காத மருத்துவம். ஆஸ்துமாவில் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு, நோயின் வேரான மூச்சுக்குழல் அழற்சியைத் தணிக்கிறது. உடனடி ஆறுதல் தரும் மருந்தை மட்டும் தனியே நம்பக் கூடாது என்பது 2019 முதல் பன்னாட்டு வழிகாட்டுதல். ‘பம்ப்’ எனப்படும் இன்ஹேலர் பழகிவிடும் என்ற அச்சத்தால் பலர் மாத்திரையையும் நெபுலைசரையும் நாடுவது, குறைந்த மருந்தால் முடிவதை மிகுந்த மருந்தால் செய்துகொள்வதாகும்.

உடலெங்கும் வலி, தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, அசதி என்று மாதாமாதம் வருபவருள் கணிசமானோருக்கு மனச்சோர்வோ பதற்றமோ இருக்கும். சத்து மாத்திரைகளாலும் ஊசியாலும் அவர்கள் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். கோவாவின் முதல்நிலை மருத்துவ மையங்களில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு, மருத்துவப் பட்டமில்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் உட்கார்ந்து பேசி, தேவைப்படுவோரை மருந்துக்கு அனுப்பும் முறை அரசு மையங்களில் நோயாளிகளின் மீட்சியை உயர்த்தியதை நிறுவியது. மருத்துவரிடம் இல்லாத நேரத்தை வேறொருவர் வழியாக உருவாக்க முடியும் என்பதற்கு இது வலுவான சான்று.

ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியே எழுதப்பட்ட வழிகாட்டு நெறிகள் ஒரே உடலில் சந்திக்கும்போது எழும் சிக்கலே இன்று மிக வேகமாக வளர்வது. அறுபதைக் கடந்த, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மூட்டுத் தேய்மானமும் உள்ள ஒரு பெண் இதற்கு இயல்பான எடுத்துக்காட்டு. முழங்கால் வலிக்குத் தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் எடைக்குறைப்பும் நல்ல பலன் தருபவை. அவற்றைக் கற்றுத்தர யாருமில்லாததால் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி உண்கிறார். அது இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, அழுத்தம் கட்டுப்படவில்லை என்று மேலும் ஒரு மாத்திரை சேர்கிறது, வயிற்றெரிச்சலுக்கு மற்றொன்று, அழுத்த மாத்திரையால் கால் வீங்கினால் நீர் பிரியும் மாத்திரை. டைக்ளோஃபெனாக்கும் டெல்மிசார்டனும் நீர் பிரியும் மருந்தும் ஒன்று சேர்வது சிறுநீரகத்துக்குக் கேடு. இதய நிபுணரும் எலும்பு மருத்துவரும் அவரவர் பகுதியைச் சரியாகவே செய்திருக்கக்கூடும். பையிலுள்ள எல்லா மாத்திரைகளையும் மேசைமேல் கொட்டச் சொல்லி, கடையில் வாங்கியவை எவை, நாட்டு மருந்து ஏதேனும் உண்டா என்று கேட்டு, எதை முதலில் நிறுத்துவது, நிறுத்தியபின் எத்தனை நாளில் இரத்த அழுத்தத்தையும் கிரியாட்டினினையும் மறுபடி பார்ப்பது என்று முடிவு செய்யக்கூடிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றே. அதற்குக் குறைந்தது இருபது நிமிடம் வேண்டும்; வாரத்தில் ஒரு பிற்பகலை, வரிசை இல்லாமல், முன்பதிவோடு இத்தகைய நோயாளிகளுக்கென ஒதுக்குவது இப்போதுள்ள பணியாளர்களைக் கொண்டே தொடங்கக்கூடிய ஏற்பாடு.